கூடத்துப் பழைய மேசை

சோபாவின் முன்னே இடும் சிறு மேசையை நம்மவர் 'டீப்பாய்' என்று அழைக்கின்றனர். தேநீர்க் கோப்பை வைப்பதற்கு உரியது ஆகையால் அப்பெயர் வந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். உண்மை அதுவன்று. இந்தியில் 'திபாயி' என்றால் மூன்று கால் உடையது என்று பொருள். நம் தமிழ் 'முக்காலி'யும் அதே பொருள் தரும் சொல்லே. இந்நாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் 'திபாயி' என்னும் சொல்லைக் காதில் விழுந்தபடி தம் மொழியில் எழுதிக்கொண்டனர். எழுத்தில் 'டீ' என்று தென்படவே, அதற்கும் தேநீருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டனர். 19-ஆம் நூற்றாண்டில், தேயிலைப் பெட்டியைத் தாங்கி நிற்கும் ஒற்றைத் தூண் மேசைக்கே இங்கிலாந்தில் அது பெயராயிற்று. அங்ஙனம் உருமாறிய சொல் பிறகு நம்மிடமே திரும்பி வந்தது. இன்று கூடத்தில் உள்ள மேசைக்கு நான்கு கால் இருந்தாலும், கால்களுக்குப் பதிலாகப் பெட்டியே இருந்தாலும், பெயர் என்னவோ டீப்பாய்தான்.

இச்சொல்லின் கதையை வேடிக்கைக்காக மட்டும் இங்கே எடுத்துக் கூறவில்லை. பழங்காலத்து நடுமேசை ஒன்றைத் தேடி வாங்கித் தம் கூடத்தில் இடவேண்டும் என்னும் ஆவல் இப்போது பலருக்கு எழுந்திருக்கிறது. நல்ல ஆவல்தான். ஆயினும், கடைக்குச் சென்றதும் அவர்கள் கண் செதுக்கு வேலையிலும் மரத்தின் நிறத்திலும் பதிகிறதே அன்றி, மேசையின் உயரத்தில் பதிவதில்லை. சோபாவின் முன் இடும் தாழ்ந்த மேசையையும், பழைய நாளில் 'நடுமேசை' என்று வழங்கியதையும் ஒன்றென மயங்குவதால் வரும் பிழை இது.

தரையில் அமர்வதே நம் நாட்டுப் பெரும்பான்மை வீடுகளின் வழக்கமாக இருந்தது. உயர்ந்த மேசை ஐரோப்பியரோடு வந்தது. அவர்களுடைய 19-ஆம் நூற்றாண்டுக் கூடத்தில் நடுமேசை என்பது உண்மையிலேயே அறையின் நடுவில் நிற்பது. விளக்கும் புத்தகமும் அதன்மேல் இருக்கும். நிமிர்ந்த நாற்காலிகளை அதனைச் சுற்றி இட்டுக்கொண்டு படிப்பர், தைப்பர், கடிதம் எழுதுவர். ஆகவே அதன் உயரம் 28 அங்குலம் முதல் 30 அங்குலம் வரை இருக்கும். கால் நீட்டிச் சாய்ந்து அமரும் தாழ்ந்த சோபாவின் இருக்கையோ, தரையிலிருந்து 16 அல்லது 17 அங்குலமே. அதற்கு ஏற்ற தாழ்ந்த மேசை 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாக வழக்கிற்கு வந்தது. ஆதலின், 'விக்டோரியா காலத்துச் சோபா மேசை' என்று 17 அங்குல உயரத்தில் ஒன்றை வணிகர் காட்டுவாராயின், அவரைச் சற்று நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும். அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பழைய கதவையோ சாளரத்தையோ படுக்க வைத்துப் புதுக்கால் பூட்டியிருப்பர். அல்லது அண்மையில் செய்து பழமை பூசியிருப்பர். அல்லது உயர்ந்த மேசை ஒன்றைக் கால் தறித்துக் குட்டையாக்கியிருப்பர்.

மூன்றாவதைப் பற்றி நாம் கேள்விப்பட்டுக் கூறவில்லை. நம் பாட்டனார் பம்பாயில் உத்தியோகம் பார்த்த காலத்தில், தாயகம் திரும்பிய ஓர் ஆங்கிலக் குடும்பத்தாரின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலம் போயின. அதில் அவர் ஈட்டி மரத்தாலான வட்ட மேசை ஒன்றை வாங்கினார். ஒரே தூண், தூணின் அடியில் விலங்கின் பாதம் போல் செதுக்கிய மூன்று கால்கள். உண்மையான திபாயி அதுதான். அதன் மேல்பலகைக்குக் கீழே ஒரு தாழ் உண்டு. அதை விடுவித்தால் பலகை செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும். மாதுங்காவில் இரண்டே அறை கொண்ட வீடு அது. ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால், இரவில் பலகையைச் சாய்த்து மேசையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்பார்கள். பகலில் பாட்டியார் அதன் அருகே நாற்காலியில் அமர்ந்து வீட்டுக் கணக்கு எழுதுவார்.

1972-இல் வீட்டிற்குச் சோபா வந்தது. அதன் முன்னே இந்த மேசை மிக உயரமாக நின்றது; எதிரே அமர்ந்தவரின் முகம் தெரியவில்லை. நம் தந்தையார் ஒரு தச்சரை அழைத்துத் தூணில் பதினொரு அங்குலம் அறுக்கச் செய்தார். அரை மணி நேர வேலை. அறுத்த இடத்தில் ஆணி அடித்துப் பலகையை மீண்டும் பொருத்தினார் தச்சர். அன்றோடு அந்தப் பலகை சாய்வது நின்றது. வந்தவர்கள் படுக்கும்போது இருவராகத் தூக்கி நடையில் வைக்கவேண்டியதாயிற்று. தூக்கித் தூக்கி ஆணிகள் தளர்ந்தன. காப்பி வைத்தால் தளும்பிற்று. பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவர் மடியில் ஒரு பலகையை வைத்துக் கணக்கு எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின் பழம்பொருள் வணிகர் ஒருவர் மேசையைக் கவிழ்த்துப் பார்த்து, "யார் இதை அறுத்தது?" என்று மட்டும் கேட்டார். தந்தையார் பதில் கூறவில்லை.

எனவே கடைக்குச் செல்லுமுன் வீட்டை அளந்துவிடுவது நலம். சோபா இருக்கையின் உயரத்தைக் குறித்துக்கொள்க. மேசை அதற்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்ந்தோ இருக்கவேண்டும். சோபாவின் விளிம்புக்கும் மேசைக்கும் இடையே ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் முழங்கால் இடிக்கும். மிகுந்தால் டம்ளரை எடுக்க எழுந்திருக்க நேரும். நீளம் சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவாகக் கூறும் கணக்கு. ஆனால் நம் நகரங்களின் சிறு கூடங்களில் அதைவிட முக்கியமான கணக்கு வேறொன்று: வாயிலிலிருந்து அடுக்களைக்குப் போகும் பாதையில் இரண்டரை அடியாவது தடையின்றி இருக்கவேண்டும். தரையில் செய்தித்தாளை மேசையின் அளவுக்கு விரித்து இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தால், அதை யார் யார் மிதிக்கிறார்கள் என்பதிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

அளந்த பின், தாழ்ந்த மேசைதான் வேண்டும் என்று தெரிந்தால் மனம் தளரவேண்டியதில்லை. கால் தறிக்காமலே தாழ்ந்திருக்கும் பழைய மேசைகள் நம் நாட்டில் உண்டு. பஞ்சாபின் ஹோஷியார்பூர் மரப்பதிப்பு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே செய்த எண்கோண மேசைகளின் அடிச்சட்டம் மடிப்புத் திரை போல் மடியும். மேல்பலகையைத் தனியே எடுத்துவிடலாம். கருமரத்தில் வெள்ளெலும்பு பதித்த பூக்கொடிகள் அதில் ஓடும். வாரணாசி, மொராதாபாத் பித்தளைத் தாம்பாளங்களை மடக்குக் கால்மேல் ஏற்றிய மேசைகளும் தாழ்ந்தவையே. அவை ஒரு காலத்தில் ஆங்கிலேயர் வாங்கிக் கப்பலேற்றிய பொருள்கள். மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களுக்கு இவ்விரண்டையும்விட ஏற்றது வேறில்லை என்பது நம் கருத்து. குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் 'பாஜோட்' என்னும் சதுரப் பலகை உண்டு. கடைந்த குட்டைக் கால்கள், சில வேளை பித்தளைத் தகடு, சில வேளை வண்ணப் பூச்சு. உணவுத் தட்டு வைப்பதற்கும் பூசைப் பொருள் வைப்பதற்கும் ஆனது. நம் மணைப்பலகைக்கு அண்ணன் என்று சொல்லலாம். அது சோபாவுக்கு மிகத் தாழ்ந்தது. திவானும் தரை மெத்தையும் உள்ள கூடத்திலேயே அது எழிலோடு விளங்கும். காஷ்மீரத்து அக்ரூட் மர மேசைகளில் சினார் இலை செதுக்கியிருக்கும். அழகியவை, எனினும் கடைகளில் காண்பவை பெரும்பாலும் அவ்வளவு பழையவை அல்ல.

'பம்பாய்க் கருமரம்' என்று பெயர் பெற்ற வகையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பலரும் ஆசைப்படுவது அதுவே. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்த் தச்சர்கள் ஐரோப்பிய உருவத்தில் நாற்காலியும் மேசையும் சமைத்து, அவற்றின் உடலெங்கும் கொடியும் இலையும் பறவையும் ஊடுருவும்படி செதுக்கினர். மரம் கருங்காலி அன்று, நம் ஈட்டியேதான். ஓர் அங்குலம்கூட வெறுமையாய் விடாத வேலை அது. பெரிய மாளிகைகளின் உயர்ந்த கூரைக்குக் கீழே அது கம்பீரம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதே மேசை ஓர் யானைக்குட்டியைக் கட்டிவைத்தது போல் இருக்கும். செதுக்கின் ஒவ்வொரு துளையிலும் தூசி படியும். மென்மையான தூரிகையால் வாரத்துக்கு ஒரு முறையாவது தட்டவேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் அதை விரும்பிப் பார்த்துவிட்டு வந்துவிடுவதே மேல்.

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெரு, கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெரு, தில்லியின் அமர் காலனி, கொச்சியின் மட்டாஞ்சேரி ஆகியன பழைய மரச்சாமானுக்குப் பெயர் பெற்ற இடங்கள். எங்கே சென்றாலும் செய்யவேண்டியது ஒன்று: மேசையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். மேற்புறத்தை வணிகர் மெருகேற்றியிருப்பார். அடிப்புறத்தில் கை வைக்க எவருக்கும் தோன்றாது; ஆதலால் உண்மை அங்கே தங்கியிருக்கும்.

அடியில் ரம்பத்தின் கீறல்களைப் பாருங்கள். வில் போல் வளைந்த கீறல்கள் வட்ட ரம்பத்துக்கு உரியவை. அவ்வியந்திரம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. அத்தகைய கீறல் உள்ள பலகையை இருநூறு ஆண்டுப் பழமை என்று கூறினால் நம்பவேண்டாம். நேராகவும் சற்றே ஒழுங்கின்றியும் இருப்பவை கைரம்பத்தின் கீறல்கள். நம் நாட்டுப் பட்டறைகளில் கைரம்பம் நெடுங்காலம் நிலைத்திருந்தமையால், நேர்க்கீறல் ஒன்றே முதுமைக்குச் சான்று ஆகிவிடாது. திருகாணிகளையும் பாருங்கள். முனை மழுங்கியும் தலையின் கீற்று நடுவில் இல்லாமலும் இருந்தால் அது கையால் செய்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாக இருக்கலாம். தலையில் கூட்டல் குறி போன்ற கீற்று உள்ள திருகாணி 1930-களில் வந்தது. அது இருப்பதால் மட்டும் மேசை புதிது என்று தள்ளிவிட வேண்டாம். பின்னாளில் பழுது பார்த்தபோது செருகியிருக்கக் கூடும். எல்லாத் துளைகளிலும் அதுவே இருந்து, பக்கத்தில் பழைய துளையின் தடமே இல்லையென்றால் ஐயம் நியாயமானது.

வட்ட மேசைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. மரம் காய்ந்து சுருங்கும்போது ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். ஆகவே பல்லாண்டு கண்ட வட்டப் பலகை இம்மியளவும் பிசகாத வட்டமாக இராது. நாடாவை ரேகையின் வழியே ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் பிடித்து அளந்தால், மூன்றடிப் பலகையில் கால் அங்குலம்போல் வேறுபாடு தெரியலாம். ஒட்டுப்பலகைக்கு இந்தக் குணம் இல்லை. வணிகர் எத்தனை கதை கூறினாலும் நாடா கதை கூறாது.

தேய்மானமும் சான்று தரும். ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். கால் படும் இடம், கை ஊன்றும் விளிம்பு, தரையில் இழுபடும் பாதத்தின் அடி ஆகியவை தேய்ந்திருக்கும். எட்டாத மூலைகள் கூர்மையாகவே இருக்கும். எல்லா மூலையும் ஒரே அளவு மழுங்கியிருந்தால், அது காலத்தின் வேலை அன்று, உப்புத்தாளின் வேலை. தேக்கைக் கருஞ்சாயத்தில் தோய்த்து ஈட்டி என்று விற்பதும் உண்டு. ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். ஈட்டி தேக்கைவிடத் தெளிவாகவே கனம் மிகுந்தது. ஈரத்துணியால் அடிப்புறத்தைத் துடைத்தால் சாயம் துணியில் ஏறும்.

சிறு துளைகளைக் கண்டு அஞ்சவேண்டாம். துளையின் வாய் கறுத்து, தட்டினால் ஒன்றும் உதிராமல் இருந்தால் பூச்சி எப்போதோ வெளியேறிவிட்டது. வெளுத்த மாவு போன்ற பொடி உதிர்ந்தால் அது இன்னும் உள்ளே இருக்கிறது. அம்மேசையை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற மரங்களுக்கும் விருந்துதான். வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி அவ்வளவாக நாடாது. வெளுத்த வெளிமரம் சேர்ந்த பலகையில்தான் அதன் ஆட்சி.

தந்தம் பதித்த மேசை என்று எவரேனும் காட்டினால் கையை விலக்கிக்கொள்ளுங்கள். விசாகப்பட்டினத்திலும் மைசூரிலும் முன்னாளில் தந்தப் பதிப்பு வேலை சிறந்திருந்தது உண்மை. ஆயின் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986-இலும் 1991-இலும் வந்த திருத்தங்களுக்குப் பின், நம் நாட்டில் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். பழையது என்பது விலக்கு ஆகாது. எலும்புக்கு அத்தடை இல்லை. உற்று நோக்கினால் எலும்பில் ஊசி குத்தியது போன்ற நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். மற்றொன்று: 1972-இல் இயற்றி 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு நிறைந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. கடல் கடந்து வாழும் மகனுக்கோ மகளுக்கோ மேசையை அனுப்ப எண்ணுவோர், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையினரிடம் முதலில் பெறவேண்டும்.

இனி, உயர்ந்த மேசையே கிடைத்தது, அதுவே மனத்துக்கும் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். சோபாவின் முன் அதனைக் கொண்டுபோகாதீர்கள். சாளரத்தின் அருகே நிறுத்தி இரண்டு நிமிர்ந்த நாற்காலிகளை இடுங்கள். இருவர் காலையில் செய்தித்தாள் படிக்கவும், பிள்ளைகள் மாலையில் வீட்டுப்பாடம் எழுதவும், விருந்தினர் மிகுந்தால் இருவர் உணவு கொள்ளவும் அது பயன்படும். வாயிலை ஒட்டிய நடையில் இடம் இருந்தால் அங்கும் பொருந்தும். அதன்மேல் விளக்கொன்று போதும். சாயும் பலகை உடையதாயின் வேண்டாத நேரத்தில் சுவரோரம் ஒதுங்கிவிடும். சோபாவுக்கு மலிவான புது மேசை ஒன்றை வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. ஒரே அறையில் பழையதும் புதியதும் தத்தம் வேலையைச் செய்துகொண்டு நிற்பது கண்ணுக்கு உறுத்துவதில்லை.

நிறுத்தும் இடத்தில் வெயிலையும் காற்றையும் கருதவேண்டும். மேற்குச் சாளரத்து வெயில் ஈட்டியையும் அக்ரூட்டையும் சில ஆண்டுகளில் வெளுக்கச் செய்துவிடும். கொச்சியிலோ மும்பையிலோ ஈரக்காற்றில் ஒரு நூற்றாண்டு நின்ற மேசை, தில்லியின் மே மாத அனற்காற்றுக்குப் போனதும் வெடித்தது என்று வருந்துவோர் உண்டு. அது மேசையின் குற்றம் அன்று. மழைக்காலத்தில் கொண்டுபோய், குளிர்சாதனத்தின் காற்றும் குளிர்கால வெப்பச் சாதனமும் நேரே படாத மூலையில் முதல் ஓராண்டை அது கழிக்கவேண்டும். நாள்தோறும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீடுகளில் முதலில் அழுகுவது பாதம். பழைய நாளில் எறும்புக்கு அஞ்சிக் காலடியில் கிண்ணம் வைத்தனர். இன்று அதில் நீர் ஊற்றாமல் வெறும் பித்தளைக் கிண்ணமாக வைத்தாலே ஈரம் ஏறாது. பழைய மேசையின் காலில் பித்தளை உருளைகள் இருந்தால் அவற்றைக் கழற்றி எறியவேண்டாம். அவை இதற்கும் உதவும்.

பழைய மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. சூடு பட்டால் வெள்ளை வளையம் விழும். சாராயம் பட்டால் கரையும். காப்பியைத் தபராவோடு வைக்கும் நம் வழக்கம் இங்கே பெரும் உதவி. கண்ணாடி போட்டு மூட விரும்புவோர், அதற்கும் பலகைக்கும் இடையே சிறு ரப்பர் வில்லைகளை வைக்கவேண்டும். இல்லையேல் ஈரம் அடைபட்டு மெருகு பூத்துவிடும். கண்ணாடிக்கு அடியில் குடும்பப் புகைப்படங்களைப் பரப்புவது அவரவர் விருப்பம். மரத்துக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. மங்கியிருக்கிறது என்று முழுவதும் சுரண்டிப் புதுப் பாலிஷ் ஏற்றுவதைக் கூடியவரை தவிர்க்க. ஆண்டுக்கு இரு முறை சிறிது தேன்மெழுகை மென்துணியில் தேய்த்துத் துடைத்தால் போதும்.

மேசையைக் கடையிலிருந்து கொண்டுவரும்போது கூலியாட்கள் மேல்பலகையைப் பற்றித் தூக்குவார்கள். ஒற்றைத் தூண் மேசையில் மூட்டு பிளப்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான். தூணைப் பற்றித் தூக்கச் சொல்லவேண்டும். பலகையைக் கழற்ற நேர்ந்தால், எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு உரியது என்று சுண்ணக்கட்டியால் குறித்து, அவற்றை ஒரு துணியில் முடிந்து அடித்தூணிலேயே கட்டிவிடுவது நலம்.